கழுவிக் காயவைத்த மண்

கடுகு டப்பாவில் கடுகு இருந்தது. உப்பு ஜாடியில் உப்பு இருந்தது. அந்த வீட்டில் ஒருநாளும் இல்லாத அதிசயமாக எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, ரோஸ்மேரி தேடிய பாட்டில் மட்டும் காணோம். முக்காலியில் ஏறி அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினாள். எரியாத டார்ச் லைட் ஒன்றும், போன கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஒரு காலும், ஓடாமல் நின்று அவளை முறைத்த ஒரு கரப்பானும் கிடைத்தன.

பின்வாசல் வழியாக டீ கேனோடு வந்த காசியம்மாள் அவளை அண்ணாந்து பார்த்தாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் யார் வீட்டுச் சாவானாலும் முதலில் ஒப்பாரி வைப்பவளும், டீ போடுபவளும் அவள்தான்.

"சக்கரையா தேடற? எல்லாம் நா கொணாந்துட்டேன், எறங்கு."

"சக்கரை இல்லக்கா. மண்ணு."

காசியம்மாள் கேனைக் கீழே வைத்தாள். துக்கம் தலைக்கேறினால் மனுசி என்னென்னவோ தேடுவாள் என்று அவளுக்குத் தெரியும். புருசன் போனபோது அவளே ஒரு நாள் முழுக்க வலை ஊசியைத் தேடியிருக்கிறாள். ரோஸ்மேரியின் கையைப் பிடித்து இறக்கி, ஒரு டம்ளர் டீயைத் திணித்து, "நாலு மணிக்குத்தான் எடுக்கறாங்க. அதுக்குள்ள ஒண்ணும் ஓடிப்புடாது, குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில், டிவி இருந்த மேசையை நகர்த்திவிட்டுப் போட்ட பெஞ்சில், அவளுடைய மாமனார் ஆபிரகாம் புது வேட்டியில் படுத்திருந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி. பக்கத்தில் மாமியார் பிலோமினா ஒரு பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு, இல்லாத ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டி வைக்கவில்லை. அது ஆபிரகாமின் உத்தரவு. "ஆயுசுக்கும் மீன ஐஸ்ல போட்டவன் நானு. என்னிய அதுல போட்டீங்கனா அதுங்க எல்லாம் மேலேந்து சிரிக்கும்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் ஈரலில் கட்டி என்றும், அதிகம் போனால் சில மாதம் என்றும் சொன்னார்கள். ஆபிரகாம் அதை ரொம்பப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். அவருக்கிருந்த ஒரே கவலை மகனுடைய லீவு.

மகன் ஆல்வின் ராணுவத்தில் இருக்கிறான். வடகிழக்கே, வருசத்தில் பாதி நாள் பனி மூடும் ஒரு மலைமேல். குப்பம் முழுக்க அவன் சீனாக்காரனுக்கு எதிரே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு கண் சிமிட்டாமல் நிற்பதாக நம்பிக்கொண்டிருந்தது. நம்பவைத்தவர் ஆபிரகாம்தான். டீக்கடை பெஞ்சில் அவர் சொல்லும் போர்க்கதைகளில் ஆல்வின் குறைந்தது இரண்டு தடவை எல்லையைக் காப்பாற்றியிருக்கிறான். உண்மையில் அவன் சமையல்காரன். ஒரு கம்பெனி ஜவான்களுக்கு விடியுமுன் சப்பாத்தியும் பருப்பும் செய்து இறக்குகிறவன். ரோஸ்மேரிகூட, பட்டாளத்துக்காரன் என்றதும் மீசையும் முறைப்புமாக ஒருத்தனை எதிர்பார்த்துத்தான் கோட்டைக்குப்பத்திலிருந்து கழுத்தை நீட்டினாள். வந்தவன் முதல் நாளே அவள் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டு, புளியைப் பற்றி மரியாதையாக ஒரு யோசனை சொன்னான். எதிரியிடம்கூட அவன் இப்படித்தான் பேசுவான் போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். தப்பில்லை, தோற்றவள் அவள்தான். இன்றுவரை அந்த அளவில்தான் புளி கரைக்கிறாள்.

லீவுதான் பெரிய சிக்கல். பட்டாளத்தில் லீவு என்பது அளந்து கொடுக்கும் அரிசி மாதிரி. சாவோ தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. கடைசி நேரத்துக்கென்று லீவை வைத்துக்கொள்வதா, இப்போதே எடுத்துவிடுவதா என்று ஆல்வின் போனில் கேட்டுக் கேட்டு மாய்ந்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒற்றைப் பிள்ளை, தோள் கொடுக்க வேண்டாமா, மண் போட வேண்டாமா? ஆபிரகாம் போனைப் பிடுங்கினார். ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேசுவது அவர் வழக்கம். மலை தூரமாம்.

"டேய், பொணத்தாண்ட வந்து குந்திக்கினு இன்னாடா பேசுவ? நா பேசிக்கினு கீறப்பவே வா."

ஆல்வின் வந்தான். அவனுடைய சுபேதார், பெயர்கூட ரோஸ்மேரியின் வாயில் நுழையாத ஒரு வடக்கத்தி மனிதர், இருந்த லீவையெல்லாம் ஒன்றாகக் கட்டி அனுப்பிவைத்தார். ஆவணி மாதம். காற்று நல்லபடியாக இருந்தது. அப்பனும் மகனும் உருப்படியாக எதுவுமே செய்யவில்லை. டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டார்கள். மகன் சமைத்ததை அப்பன் குறை சொன்னார். சாயங்காலமானால் ஆல்வின் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவான். ஏற்றியிருந்த ஃபைபர் படகில் உட்காரவைத்து, போகிற வருகிறவர்களை இருவருமாகக் கிண்டலடிப்பார்கள். ஒரு நாள் திரும்பி வரும்போது முதுகின் மேலிருந்தபடியே ஆபிரகாம் சொன்னார்: "தோள் குடுக்கற வேல முடிஞ்சுது. பின்னால எவனாச்சும் கேட்டா, அப்பவே குடுத்துட்டேன்னு சொல்லு."

ஆக, பாக்கி இருந்தது மண் மட்டும். அதையும் முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். படகு கரை ஏறும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை ஆல்வின் தன் கையால் அள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டும். நேரம் வரும்போது மருமகள் போட்டுவிடுவாள். பிலோமினாவிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது. புருசன் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது குழிக்கு மண் எடுத்து வைப்பதைத் தாங்கமாட்டாள்.

ஒரு பிடிதான் கேட்டார். ஆனால் ஆல்வினுக்கு ஒரு பிடி என்று எதையும் எடுத்துப் பழக்கமில்லை. ஒரு வாளி நிறைய அள்ளினான். "ஸ்டோர்ல ஸ்டாக் இருக்கணும் நைனா" என்றான். அதோடு விட்டானா? கடல் மண்ணில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கிறது, அப்பன் மேல் அப்படியே எப்படிப் போடுவது என்று நல்ல தண்ணீரில் தெளியத் தெளியக் கழுவினான். மாடியில் காயவைத்தான். பிலோமினாவின் மாவுச் சல்லடையை எடுத்துச் சலித்தான். ரவை மாதிரி ஆன மண்ணை அகல வாய் ஊறுகாய் பாட்டிலில் நிரப்பி, மூடி போட்டு, அடுப்படி அலமாரியில் வைத்து, ரோஸ்மேரியிடம் ஒப்படைத்துவிட்டு ரயிலேறினான்.

அந்த பாட்டில்தான் இப்போது இல்லை.

காலையில் அவனுக்குப் போன் போட்டபோது, முதல் மணியிலேயே எடுத்தான். அந்த நேரத்துக்கு இவள் போன் போடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே, "எப்போ?" என்றான். சொன்னாள். அவனுக்குப் பின்னால் ஏதோ பெரிய பாத்திரம் கொதிக்கிற சத்தம் கேட்டது. சுபேதார் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றும், ஆனால் பாதை பனியில் மூடிக் கிடப்பதால் திறந்து இறங்கி வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்றும், காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னான். குரல் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில்தான் கேட்டான்.

"மண்ணு கீதுல்ல ரோசு?"

"கீதுங்க. பத்திரமா கீது."

போனில் பொய் சொல்வது அவர்கள் இருவருக்கும் புதிதல்ல. அவன் அங்கே குளிரே இல்லை என்பான். இவள் இங்கே மாமா வயிறு நிறையச் சாப்பிட்டார் என்பாள். இருவரும் நம்பியதுபோல் போனை வைப்பார்கள். குடும்பம் அப்படித்தான் ஓடியது. ஆனால் இன்று சொன்னதை அவள் உண்மை என்று நினைத்துச் சொன்னாள்.

ஊர்த் தலைவர் தருமலிங்கம் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். ஆபிரகாமோடு ஒரே படகில் போனவர். சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. புயல் எச்சரிக்கையில் பல நாளாக முடங்கிக் கிடந்துவிட்டு, இன்றுதான் கடல் திறந்திருந்தது. விடியற்காலையில் ஐஸும் வலையும் ஏற்றியிருந்த படகுகளை ஒன்றும் பேசாமல் காலி செய்துவிட்டு, ஆண்கள் எல்லோரும் தெருவில் வந்து நின்றிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழமையாப் பாத்து சாவறேன், ஒருத்தன் பொழப்பும் கெடாதுன்னு எங்கிட்ட சொல்லிக்கினு இருந்தான்" என்றார் தருமலிங்கம், பெஞ்சைப் பார்த்தபடி. "ஒரு நாள் தவறிட்டான். கணக்குல எப்பவும் அவன் அப்டித்தான்."

நாலு மணி என்று பேசியாயிற்றுதான், ஆனாலும் ஆல்வின் வர நாலைந்து நாள் ஆனால் ஊர் காத்திருக்கும், நீ சொல் என்று ரோஸ்மேரியிடம் கேட்டார். அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. வெளியே நின்றவர்களைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். ரோஸ்மேரிக்கு அந்த நிமிடம் தெருவில் இறங்கி எல்லார் காலையும் தொட வேண்டும் போலிருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் தண்ணீர் லாரியில் குடத்தை முன்னால் வைத்ததற்காக அவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்காரிகளோடு சண்டை போட்டிருந்தாள்.

"வேணாம் பெரியப்பா. மாமா வச்சிருக்கக் கூடாதுனுட்டாரு. ஊட்டுக்காரரும் அதான் சொன்னாரு."

தருமலிங்கம் தலையாட்டிவிட்டு வெளியே போனார். பெட்டி வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

ரோஸ்மேரி மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. விசிறியை வாங்கிக்கொள்வதுபோல் குனிந்து, "அத்த, மேல்தட்டுல ஒரு ஊறுகா பாட்லு..." என்று இழுத்தாள்.

பிலோமினா விசிறியை நிறுத்தவில்லை. "மண்ணையா தேடற?" என்றாள்.

நீட்டிய கையை ரோஸ்மேரி இழுத்துக்கொண்டாள்.

"பின்னால வெறகடுப்பாண்ட கீது. இருப்புச் சட்டில."

"சட்டிலயா?"

பிலோமினா, காசியம்மாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள். "கழுவி, காயவச்சி, என் சல்லடையில சலிச்சி, பாட்லு நெறைய வச்சிட்டுப் போனான். சமையக்காரன் வேற எதுக்கு மண்ணக் கழுவுவான்? வேர்க்கடல வறுக்கத்தான் வச்சிட்டுப் போறான்னு நெனச்சேன்."

ஒப்பாரி ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது. அது முடியும்வரை இருவரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மொத வாட்டி வறுக்கறப்போ வாசனைக்கு எழுந்து, செவுத்தப் புடிச்சினு வந்தாரு" என்று பிலோமினா தொடர்ந்தாள். "சட்டியப் பாத்தாரு. காலி பாட்லப் பாத்தாரு. சிரிச்சாரு பாரு, இருமல் வந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்பாலதான் சொன்னாரு, இன்னா மண்ணுனு. கொண்டுபோய்க் கரையில கொட்டிடறேன்னேன். விடல. 'எனக்குன்னு தான அள்ளி வச்சான்? செத்தப்பறம் போட்டா எனக்கு இன்னா தெரியப்போவுது, இப்பவே சூடா குடு'ன்னாரு."

அப்புறம் அது வழக்கமாகிவிட்டதாம். சோறு இறங்காத நாளில்கூட, மத்தியானம் ஆனால், "புள்ள மண்ண அடுப்புல ஏத்து" என்பாராம். மெல்ல முடியாததால் இடித்து, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுப்பாளாம். ரோஸ்மேரி இறால் கம்பெனி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எல்லாம் நடந்திருக்கிறது. அவளிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது என்பது ஆபிரகாமின் உத்தரவு.

தன்னைவிடக் கெட்டிக்காரி அந்தத் தெருவிலேயே இல்லை என்றுதான் ரோஸ்மேரி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு ரகசியம் இருக்கிறது, அது மாமியாருக்குத் தெரியாது என்று மாதக்கணக்கில் உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள். அதே மாதங்களில், வேலையிலிருந்து வந்ததும் மாமியார் நீட்டிய கிண்ணத்திலிருந்து அந்தக் கடலையை டீயோடு கொறித்திருக்கிறாள். "எப்டி அத்த இவ்ளோ பதமா வறுக்கறீங்க" என்று பாராட்டு வேறு. மாமனார் அப்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதன் காரணம் இப்போதுதான் விளங்கியது.

பின்கட்டுக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள். மண் கன்னங்கரேலென்று இருந்தது. கடலைத் தோலும் கருகலுமாக, கிட்டே போனாலே வாசனை அடித்தது. இதையா மாமனாரின் பெட்டிமேல் போடுவது? ஃபாதர் நிற்பார், ஊரே நிற்கும். கரை பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பிடி வெள்ளை மண்ணை அள்ளிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? ஆல்வினிடம் உன் மண்ணைத்தான் போட்டேன் என்று சொல்லிவிடலாம். எத்தனையோ சொல்லியாயிற்று.

காலி பாட்டில் அடுப்புக்குப் பின்னாலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். படகுகள் வரிசையாக மூக்கை மண்ணில் புதைத்துக் கிடந்தன. பிரித்த வலைகளை ஆபிரகாமின் படகின்மேல் மட்டும் யாரும் போட்டிருக்கவில்லை. கடல் சாதுவாக இருந்தது. அன்றைக்குப் போயிருந்தால் நல்ல மீன் கிடைத்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. படகு ஏறும் இடத்தில் குனிந்து கையை மண்ணில் வைத்தாள். போன் அடித்தது. டவர் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

"எடுத்துட்டாங்களா?" என்றான் ஆல்வின்.

"இல்லைங்க. பெட்டி வந்துகீது."

"நீ எங்க கீற, காத்து சத்தம் கேக்குது."

"கரையாண்ட."

"மண்ணு எடுத்துக்கினியா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நல்ல கணவனுக்கு நல்ல மனைவியாக இத்தனை வருசம் சொன்ன பொய்களில் இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவள் வாயில் அதே நேரம் அந்தக் கடலையின் ருசி வந்தது.

"அத்த அதுல கடல வறுத்துட்டாங்க" என்றாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சல்லடை, சட்டி, இருமல் வரச் சிரித்தது, சூடாக் கொடு என்றது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, தானும் தின்றது. சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு அலை வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போனது.

"எத்தினி வாட்டி?" என்றான்.

"தெரிலங்க. மாமா கேக்கறப்போல்லாம்."

டவர் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி பிடித்திருக்கலாம். அங்கே குளிரே இல்லை என்றுதான் அவன் எப்போதும் சொல்வான்.

"உப்பெல்லாம் போவக் கழுவினேன் ரோசு" என்றான் கடைசியில். "நல்லா வறுபட்டுதா?"

அவள் பதில் சொல்வதற்குள் டவர் போய்விட்டது.

ரோஸ்மேரி கையில் ஒட்டியிருந்த மண்ணை அங்கேயே உதறினாள். வீட்டுக்குத் திரும்பி, சட்டியிலிருந்து கரண்டியால் அள்ளி பாட்டிலில் போட்டாள். பின்வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா, கீழே சிந்திய கொஞ்சத்தையும் வழித்தெடுத்துப் போட்டு, மூடியைத் தானே திருகிக் கொடுத்தாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெட்டியின் தலைப்பக்கம் மகன் நிற்க வேண்டிய இடத்தில் யார் நிற்பது என்று ஒரு பேச்சு எழுந்தது. தருமலிங்கம், அதையெல்லாம் அவன் அப்பவே கொடுத்துவிட்டான், ஆவணியில் ஊரே பார்த்ததுதானே என்று சொல்லிவிட்டு, தானே போய்த் தோளை வைத்தார். கடலுக்குப் போயிருக்க வேண்டிய அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். மாதா கோயில் மணி அடித்தது. சாம்பிராணிப் புகை வடக்கே போனது.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்துத் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொருவராக மண் போட்டார்கள். பிலோமினா போட்டாள். தருமலிங்கம் சிலுவை போடத் தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போட்டார். காசியம்மாள் அன்று முதல் முறையாகச் சத்தமில்லாமல் அழுதாள். அப்புறம் ரோஸ்மேரி முன்னால் போய், புடவைத் தலைப்பிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். ஃபாதர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"அவரு குடுத்துட்டுப் போனது" என்றாள்.

பாட்டிலைச் சாய்த்தாள். கறுப்பு மண் சரசரவென்று பெட்டியின் நெஞ்சுப் பக்கமாக விழுந்தது. அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினாள். மண்ணோடு சேர்ந்து ஏதோ ஒன்று டொக்கென்று மரத்தில் விழுந்து, உருண்டு, பெட்டி மூடியிலிருந்த சிலுவைக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரு கடலை.

குழி வெட்டியவர் அதை எடுக்க உள்ளே காலை வைத்தார். பிலோமினா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் மேலே வந்து மண்வெட்டியை எடுத்தார். மண்வெட்டியின் முதல் மண் விழுவதற்கு முன்னால் ரோஸ்மேரி குனிந்து பார்த்தாள். தோல் விடாமல், கருகாமல், ஒரே சிவப்பாக, பதமாக வறுபட்டிருந்தது.